சர்க்கரை, நம்பாதே

இன்று காலை பாப்பாவுக்கு ராகிக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது சர்க்கரை டப்பாவின் லேபிள் கழன்று என் கட்டை விரலோடு வந்துவிட்டது. ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, காகிதம் கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அதில் என் கையெழுத்தில் ‘சர்க்கரை’. அதன் கீழே நீல மார்க்கரில், உன்னுடைய கோணல் எழுத்தில் ‘நம்பாதே’.

கஞ்சி ஏடு கட்டும்வரை விரலில் ஒட்டிய அந்தக் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்திருக்கிறேன். பாப்பா வந்து என் நைட்டியைப் பிடித்து இழுத்த பிறகுதான் நினைவு வந்தது. வேலைக்கு இன்று லீவு சொல்லிவிட்டேன். இப்போது அவள் மதியத் தூக்கத்தில் இருக்கிறாள். மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே மூச்சு கேட்கிறதா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். உனக்கு எழுத வேண்டியதை இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன். எழுதிவிட்டால் நீ இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்ற பயம். என் பயங்கள்தான் உனக்குத் தெரியுமே.

அந்த லேபிள் வந்த கதை நமக்குள் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்தது. கல்லூரி முடித்து இருவரும் ஒரே கம்பெனியில் சேர்ந்திருந்தோம். கல்மண்டபம் பக்கம், கிடங்குக்கு மேல்மாடியில் நாலைந்து மேசை போட்ட சின்ன கம்பெனி. எண்ணூர் வழியில் இருந்த ஒரு கன்டெய்னர் யார்டுக்குப் புரோகிராம் எழுதும் வேலை. எந்தப் பெட்டி எந்த வரிசையில் நிற்கிறது, எதன் மேல் எதை அடுக்கலாம், எந்த லாரிக்கு எதை இறக்கிக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் கணினி சொல்ல வேண்டும். நீ ராயபுரத்திலிருந்து நடந்தே வந்துவிடுவாய். நான் திருவொற்றியூரிலிருந்து டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவேன்.

ஒரு வருஷ மழையில் கம்பெனி வாசலில் முழங்கால் தண்ணீர். வீட்டிலிருந்து வேலை பாருங்கள் என்று முதலாளி சார் சொல்லிவிட்டார். நீ மடிக்கணினியைப் பால் பாக்கெட் பைக்குள் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாய். வந்ததிலிருந்து சண்டை. சண்டை எதைப் பற்றி என்று புரியாமல் அம்மாதான் பொறுமை இழந்தாள்.

‘வந்ததுல இருந்து இன்னாத்துக்குடி ரெண்டு பேரும் அடிச்சிக்கிறீங்க?’

நீ அடுப்பில் டீத்தண்ணீர் வைத்துக்கொண்டே அவளுக்கு விளக்கினாய். ‘ஒன்னும் இல்லம்மா. உங்க கிச்சன்ல டப்பாங்க கீதுல்ல, அந்த மாதிரிதான். நாங்க எழுதுற பாஷைல எந்த டப்பாவுல எத வேணா போட்டுக்கலாம். இன்னிக்கி பருப்பு, நாளைக்கி சோப்புத்தூளு. யாரும் கேக்க மாட்டாங்க. போட்டவ ஞாபகம் வெச்சிகினா போதும்.’

‘சோப்புத்தூளா? அடிப்பாவி.’

‘அதத்தான் உங்க பொண்ணு சொல்றா. டப்பாவுக்கு டப்பா லேபிள் ஒட்டணுமாம். இதுல எண்ணுதான் வரும், இதுல எழுத்துதான் வரும்னு. டைப் எழுதறதுன்னு அதுக்குப் பேரு. அப்புறம் ஒரு செக்கரு கீதும்மா. அது அடுப்பு பத்த வெக்கிறதுக்கு முன்னாடியே வந்து லேபிளுங்கள மட்டும் படிச்சிகினு போவும். பாயசத்துல மொளகாத்தூள் டப்பாவ கவுக்கிறியே, பாருன்னு செவப்பா கோடு போடும்.’

‘நல்லதுதானே சொல்லுது.’

‘நல்லதுதான். ஆனா கட்டாயம் இல்ல. ஒட்டுனாலும் அடுப்பு எரியும், ஒட்டலைன்னாலும் எரியும். சமைக்கிறப்ப எவனும் லேபிள பாக்கப் போறதில்ல. அப்புறம் ஏன் மெனக்கெட்டு ஒட்டிகினு?’

‘அடுத்து சமைக்க வர்றவளுக்கு’ என்றேன் நான்.

‘அதான் நான் கீறேன்ல. என்னிய கேட்டா சொல்லிட்டுப் போறேன்.’

சொல்லிவிட்டு, நான் லேபிள் ஒட்டி வரிசையாக வைத்திருந்த டப்பாக்களில் சர்க்கரையை எடுத்து மூன்று டம்ளரிலும் போட்டுக் கலக்கினாய். முதல் வாய் நீதான் குடித்தாய். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் வாஷ்பேசினுக்கு ஓடியபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். உப்பு ஜாடி விரிசல் விட்டிருந்ததால் காலையில் உப்பைக் காலியாக இருந்த சர்க்கரை டப்பாவில் கொட்டி வைத்ததைச் சொல்ல மறந்திருக்கிறாள்.

‘இன்ஸ்பெக்டர் மேடம், லேபிள் பாஸாயிடுச்சி. டீதான் பாஸாவல’ என்றாய். பிறகு என் பையிலிருந்தே மார்க்கரை எடுத்து, என் எழுத்துக்குக் கீழே அந்த ஒரு வார்த்தையை எழுதினாய். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அம்மா வீட்டிலிருந்து நான் கேட்டு வாங்கி வந்த ஒரே பாத்திரம் அதுதான். எவர்சில்வர் டப்பாவுக்கு இவ்வளவு பாசமா என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

ஆனால் யார்டில் நானும் ஒரு நாள் ஜெயித்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

உன்னுடைய அடுக்கும் ஃபைலை முதன்முதலாக நிஜப் பெட்டிகளோடு ஓட்டிப் பார்த்த நாள். கனமான பெட்டி கீழே, லேசானது மேலே. அவ்வளவுதான் விதி. யார்டு சூப்பர்வைசர் அண்ணன் காதில் பென்சிலோடு நம் பக்கத்தில் நிற்க, திரையில் பட்டியல் வந்தது. அண்ணன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் நீயே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாய்.

‘ஏய், இங்க பாரேன். ஒம்போது டன்னு இருபத்திநாலு டன்ன விட கனமாம்டி.’

கப்பல் ஏஜென்ட் அனுப்பிய ஃபைலிலிருந்து எடைகள் எழுத்தாகவே உள்ளே வந்திருந்தன. எண்ணாக மாற்ற நீ மறந்திருந்தாய். எழுத்தாகப் பார்த்தால் முதல் எழுத்துதானே கணக்கு. இரண்டை விட ஒன்பது பெரிது. இருபத்திநாலு டன்னைத் தூக்கி ஒன்பது டன் தலையில் வை என்று உன் புரோகிராம் மிகுந்த தன்னம்பிக்கையோடு சொல்லிக்கொண்டிருந்தது.

‘எடைன்ற டப்பாவுல எண்ணுன்னு ஒரு லேபிள் ஒட்டியிருந்தா, ஓட்டுறதுக்கு முன்னாடியே செக்கர் கோடு போட்டிருக்கும்’ என்றேன். இதைச் சொல்லும்போது என் குரலில் எவ்வளவு இனிப்பு இருந்ததென்று எனக்கே தெரியும்.

‘சரி மேடம், ஒத்துக்கறேன். அந்த ஒன்னுக்கு ஒட்டிக்கோ.’

அந்த ஒன்றுக்கு ஒட்டினேன். உன் ஃபைல் முழுவதிலும் அந்த ஒரு லேபிள்தான் இருந்தது. மறு வாரமே, ஒட்டிய அந்த லேபிளையும் மீறி ஒரு கூத்து நடந்தது. இன்னொரு ஏஜென்ட் எடையை டன்னில் இல்லாமல் கிலோவில் அனுப்பிவிட்டான். கிலோவும் எண், டன்னும் எண். செக்கர் வாய் திறக்கவில்லை. ஏறக்குறைய ஒன்றுமில்லாத காலிப் பெட்டி இரண்டாயிரத்து இருநூறு டன் என்று திரையில் வந்து நின்றது. நீ என்னைப் பார்க்கவில்லை. எடை நூறுக்கு மேல் இருந்தால் ஆயிரத்தால் வகு என்று ஒரு வரி எழுதினாய். பார்க்க அசிங்கமான வரி. ‘இதென்ன நூறு?’ என்று கேட்டேன்.

‘நூறு டன் கன்டெய்னர் எங்கனா கீதா? நீ பாத்துக்கீறியா? அப்ப அது கிலோதான்.’

இப்படித்தான் போயிற்று நம் நாட்கள். சாயங்காலம் ராயபுரம் பாலம் வரை நான் உன்னோடு நடந்து வருவேன்; பேச்சு முடியாமல் நீ திரும்ப என்னோடு ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் வரை வந்து விடுவாய். மணலி ஆலைகளின் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாட்களில் இருவரும் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டே சண்டை போட்டிருக்கிறோம். பேச்சு எப்போதும் டைப்பில் ஆரம்பித்து வேறெங்கோ போகும். என்னைப் பெண் பார்க்க வந்த குடும்பத்தைப் பற்றி நான் கவலைப்பட்டால், ‘ஓட்டிப் பாரு, ஒடஞ்சா பாத்துக்கலாம்’ என்பாய். நான் ஒன்றைக் கேட்டால் இரண்டு பதிலுக்கும் தயாராக இருப்பவள். வரும், வராமலும் போகலாம். டைப்பில் அதற்கே ஒரு வகை உண்டு அல்லவா, பொருள் இருக்கலாம் அல்லது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம் என்று. எனக்கு மிகவும் பிடித்த வகை அது. எல்லா இடத்திலும் எழுதுவேன்.

உன் ஃபைலில் பெட்டியைத் தேடும் பகுதிக்கும் அதை எழுதச் சொன்னேன். பதிவில் இருக்கும் இடத்தில் பெட்டி இல்லையென்றால், ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பிக் கொடுத்துவிடு, வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. அன்றுதான் முதல் தடவை உனக்கு நிஜமாகக் கோபம் வந்து பார்த்தேன்.

‘நாப்பது அடிப் பொட்டி எப்டிடி ஒன்னுமில்லாம பூடும்? யாருனா தூக்கி வேற எடத்துல வெச்சிருப்பான். இல்ல கேட்டத் தாண்டி போயிருக்கும். போன பொட்டியும் பொட்டிதான்டி. எடம்தான் வேற.’

அதனால் உன் புரோகிராம் ஒன்றுமில்லை என்று சொல்லாது. பெட்டி காணவில்லை என்றால் சூப்பர்வைசர் அண்ணன் செல்லுக்கு ஒரு செய்தி போகும். அந்த வாசகத்தைக்கூட நீ பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாய். ‘அண்ணே, இங்க கீதுன்னு எழுதிக்குது. ஒரு நட நேர்ல போயி பாத்துட்டு சொல்லு.’ அவர் போய்ப் பார்த்து இடத்தை எழுதும்வரை அது காத்திருக்கும். வெளியே போய்விட்டதென்றால் இடம் என்ற கட்டத்தில் ‘வெளியே’ என்று எழுதுவார். சார் அந்த வாசகத்தைத் திருத்தச் சொன்னபோது அண்ணனே வந்து வேண்டாம் என்றுவிட்டார். ‘அந்தப் பொண்ணு கூப்புடுற மாரி கீது சார். வுட்டுடுங்க.’

எனக்குப் பிள்ளை உண்டானதை உன்னிடம்தான் அம்மாவுக்கும் முன்னால் சொன்னேன். வழக்கம்போல வேண்டியது வேண்டாதது எல்லாம் கேட்டு அழுதேன். நீ என் வயிற்றைப் பார்த்துச் சொன்னாய்: ‘பொண்ணா பையனான்னு இப்பவே டைப் எழுதி வெச்சிடாத. ஓடும்போது பாத்துக்கலாம்.’

அந்த வருஷ மழைக்காலத்தில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. வடக்கு மெட்ராஸில் மழை விட்டால் வீட்டுக்கு ஒருவர் படுப்பதுதானே. நான் தினமும் போனில் நச்சரித்து ரத்தம் பார்க்கச் சொன்னேன். என் தொல்லை தாங்காமல் பார்த்தாய். தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாய். ‘எல்லாம் நார்மல். உன் செக்கரு பச்ச காட்டிடுச்சி. போதுமா?’

எனக்குப் போதுமாக இருந்தது. காய்ச்சலும் விட்டது. நீ வேலைக்குக்கூட வந்தாய். உன் அம்மாதான் என்னைக் கூப்பிட்டார்கள். ‘காய்ச்சல் வுட்டுடுச்சிம்மா. ஆனா மொகமே சரியில்ல. எழுந்தா சாஞ்சிக்கிறா. நீ சொன்னா கேப்பா, இன்னொரு தபா போவச் சொல்லு.’ சொன்னேன். ‘அதான் நார்மல்னு எழுதிக்குதே’ என்றாய். நீயா அப்படிச் சொன்னாய் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என் சர்க்கரை டப்பாவைக்கூட நம்பாதவள், அந்த ஒரு தாளை மட்டும் நம்பிவிட்டாய். ரத்தத்தில் தட்டணுக்கள் சரிந்துவிட்டதாக அடுத்த சோதனை சொன்னபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். அதற்குப் பிறகு எல்லாமே மிக வேகமாக நடந்துவிட்டது.

நான் வரவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அம்மா, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எதிர்த்துப் பேசும் தெம்பு எனக்கு இல்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற ஒரே சொல்லில் நான் அடங்கிவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். கணவர்தான் வந்து மாலை போட்டார். திரும்பி வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, மாதா கோயில் மணி அடித்ததையும், உன் அப்பாவின் ரயில்வே நண்பர்கள் உன்னைத் தூக்கிப் போனதையும் கதவுக்கு வெளியே நின்றே சொன்னார். எனக்குக் கிடைத்தது அந்தச் செய்திதான். முகம் பார்க்கவில்லை. மண் போடவில்லை. பிள்ளை பிறந்த பிறகாவது கல்லறைக்கு வந்திருக்கலாம். பச்சை உடம்பு என்றார்கள், பிறகு கைக்குழந்தை என்றார்கள். பிறகு அவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானே வரவில்லை.

அந்த மாதங்களில் வீட்டிலிருந்தபடியே கம்பெனியின் ஒவ்வொரு ஃபைலுக்கும் லேபிள் ஒட்டினேன். வெறி பிடித்த மாதிரி ஒட்டினேன். சாரும் எல்லா ஃபைலும் செக்கரைத் தாண்ட வேண்டும் என்று விதி கொண்டு வந்திருந்தார். உன் அடுக்கும் ஃபைலை மட்டும் தொடவில்லை. செக்கரிடம் இந்த ஒன்றைப் பார்க்காதே என்று சொல்ல ஒரு வரி போதும். அந்த வரியை எழுதிவிட்டுப் பிரசவத்துக்குப் போனேன். பாப்பா நடக்க ஆரம்பித்த பிறகு போன மாதம்தான் திரும்ப வேலைக்கு வந்தேன். வரி அப்படியே இருந்தது. உன் நாற்காலியில் பிரிண்டர் இருந்தது.

போன வாரம் சார் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, உனக்குத் தெரியும்.

‘புது யார்டும் நமக்கே வருதும்மா. அந்த ஒரு ஃபைல மட்டும் யாரும் தொட முடியல. எதுல என்ன வருதுன்னு எழுதினவளுக்குத்தான் தெரியும். அவ இல்ல. அதனால தூக்கிட்டு புதுசா எழுதிடலாம்னு பாக்கறேன்.’

‘நான் டைப் எழுதித் தரேன் சார்.’

‘இத்தன நாள் எழுதலையேம்மா.’

வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கேட்டு வாங்கினேன். இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். புதுசாக எழுதிவிட்டால் பழையதை அழித்துவிடுவார்கள். யார்டில் தினமும் பெட்டிகளை மேலே கீழே வைத்துக்கொண்டிருப்பது இன்னும் நீதான் என்று ஒரு எண்ணத்தில் நான் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் போய்விடும்.

உன் ஃபைலைத் திறந்து, நான் எழுதியிருந்த அந்த வரியை எடுத்தேன். திரை முழுக்கச் சிவப்பு.

குறுக்கு வழி இருந்தது. எதுவாகவும் இருக்கலாம் என்று ஒரு டைப் உண்டே, அதை எல்லா இடத்திலும் ஒட்டினால் செக்கர் பேசாமல் போய்விடும். அரை நாள் வேலை. செய்ய மனம் வரவில்லை. உன்னைத் தெரியாதவர்கள் உன்னைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

அதனால் ஒவ்வொன்றாகப் போனேன். மேல, கீழ, கனம், காலி, தூக்கு என்று ஆங்கில எழுத்தில் நீ வைத்த தமிழ்ப் பெயர்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று இதில் நீ எதைப் போட்டாய் என்று கேட்க வேண்டியிருந்தது. என்னிய கேட்டா சொல்லிட்டுப் போறேன் என்றாயே. கேட்டேன். பதில் வராத இடத்தில் ஓட்டிப் பார்த்தேன். அதிலும் தெரியாதபோது சூப்பர்வைசர் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஒவ்வொரு தடவையும் முதலில் பாப்பா எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். நூறுக்கு மேல் இருந்தால் வகு என்ற அந்த வரி வந்தது. செக்கருக்கு அதில் ஒரு குறையும் இல்லை, லேபிளும் தேவையில்லை. புதுசாக எழுதுகிறவர்கள் முதலில் தூக்கி எறியப்போவது அதைத்தான். ஏன் நூறு என்பது எந்த டைப்பிலும் வராது. அதன் மேல் சாதாரணத் தமிழில் ஒரு குறிப்பு எழுதினேன்: நூறு டன் கன்டெய்னர் எங்கும் கிடையாது, அப்படி வந்தால் அது கிலோ.

கடைசியாக மிச்சமிருந்தது பெட்டியைத் தேடும் பகுதி. அது எதைத் திருப்பித் தருகிறது என்று எழுத வேண்டும். என் விரல் பழக்கத்தில் பெட்டி அல்லது ஒன்றுமில்லை என்று அடித்தது. செக்கர் ஒத்துக்கொண்டது. ஆனால் அதை வாங்கிப் பயன்படுத்தும் இடங்களிலெல்லாம் புதிதாகச் சிவப்பு முளைத்தது. ஒன்றுமில்லை என்று வந்தால் என்ன செய்வாய், என்ன செய்வாய் என்று வரிக்கு வரி கேட்டது. திரும்பப் படித்தேன். உன் பகுதிக்குள் எந்த வழியில் போனாலும் ஒன்றுமில்லை என்ற முடிவு இல்லை. ஒன்று, பெட்டி கிடைக்கும். இல்லையென்றால் ஒருவர் போய்ப் பார்ப்பார். வெளியே போயிருந்தாலும் பெட்டியாகவே திரும்பி வரும், இடம் மட்டும் மாறி.

பாதியை அழித்தேன். பெட்டி என்று மட்டும் விட்டேன். சிவப்பு அத்தனையும் போய்விட்டது. எழுந்து பாத்ரூமுக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை சார் பார்த்தார். செக்கர் ஒன்றும் சொல்லவில்லை என்பதைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டு மூடப் போனார். ‘சார், அத மட்டும் நம்பாதீங்க’ என்றேன். இரண்டு ஏஜென்ட்களின் பழைய ஃபைல்களையும் அவர் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டினேன். கிலோவில் வந்தது டன்னாக மாறி அடுக்கில் சரியாக உட்கார்ந்தது. அந்தக் குறிப்பை அவர் வாய்விட்டுப் படித்தார். ‘அவ சொன்ன மாதிரியே எழுதிட்டியேம்மா’ என்றார். திரையை என் பக்கம் திருப்பிவிட்டு, ‘இருக்கட்டும். புது யார்டுக்கும் இதையே ஓட்டுவோம்’ என்றார்.

அன்றே உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வரும் நேரத்துக்கு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். யாரும் தடுக்கவில்லை. என் அம்மா மட்டும் பாப்பாவுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டாள்.

உன் அம்மா வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இங்கே வெள்ளைக் கல் எதுவும் வெள்ளையாக இருப்பதில்லை, நிலக்கரித் தூசி படிந்துவிடுகிறது. என்னைப் பார்த்ததும் ஏன் இத்தனை நாள் என்று கேட்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். ‘வந்துட்டியாம்மா, அந்தத் துணிய எடு’ என்றார்கள். அவ்வளவுதான். நான் துடைத்தேன். கல்லில் உன் பெயர் இருந்தது. சரியான எழுத்துகளில், தேதிகளோடு. படித்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஈரக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தபோதுதான் தெரிந்தது. நீ இங்கே இருக்கிறாய். ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை. இடம்தான் வேறு.

பாப்பா வாளிக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். உன் அம்மா அவளைப் பிடித்து நிறுத்தி, ‘யாரு தெரிதா இது? உங்க பெரிம்மா’ என்றார்கள். பாப்பா கல்லைப் பார்த்தாள், சிரித்தாள், திரும்பத் தண்ணீருக்குப் போய்விட்டாள். எப்போதும் நெற்றியில் கை வைத்துச் சூடு பார்க்கும் நான், நனைந்துகொண்டிருந்தவளை நேற்று தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தெர்மாமீட்டர் வைத்தேன். பிறகு, அது என்ன சொன்னாலும் என்று, கன்னத்தைக் கன்னத்தோடு வைத்தும் பார்த்தேன். இதில் எது நீ கற்றுக்கொடுத்தது, எது நீ போனதால் வந்தது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே இனி என்னோடுதான் இருக்கும்.

பாப்பா புரள்கிறாள், எழுந்துவிடுவாள். எழுதி முடிப்பதற்குள் லேபிளைத் துடைத்து, டேப் போட்டு, டப்பாவில் திரும்ப ஒட்டிவிட்டேன். என் எழுத்தும் உன் எழுத்தும் ஒன்றன் கீழ் ஒன்றாக முன்பு இருந்த மாதிரியே இருக்கின்றன. காலையில் ஏடு கட்டிப்போய்க் கொட்டிவிட்ட கஞ்சிக்குப் பதில் இப்போது புதிதாகக் காய்ச்ச வேண்டும். உள்ளே சர்க்கரைதான் இருக்கிறது. நேற்றுதான் நானே கொட்டி வைத்தேன். இருந்தாலும் மூடியைத் திறந்து, விரல் நுனியில் நாலு குருணை ஒற்றி எடுத்து, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குப் போடுவேன். அந்த உப்பு டீ நாள் முதல் ஒரு நாளும் பார்க்காமல் போட்டதில்லை.